அப்பா கேட்கச் சொன்னார்

தொலைபேசி மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். கீழ்வீட்டில் யாரோ கத்தரிக்காய் பொரிக்கும் மணம் யன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது.

ஹென்றி மத்தியானத்திலிருந்தே தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்திருந்தார். கழுத்தைச் சுற்றி, நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைத் துணி. ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து அது முதல் ஞாயிறு.

முதல் மணியிலேயே ரிசீவரை எடுத்துவிட்டார். பழக்கதோஷம். காதில் வைத்து வாயைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் தன்னிடம் குரல் இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

"டடி? டடி, நிக்கிறியளோ?" என்று மகள் கேட்பது மேசைக்கு இந்தப் பக்கம் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

அவர் ரிசீவரை என் ஈரக்கையில் திணித்தார்.

பெயர் நான் வைத்தது

சென்ற கிழமை இந்தப் பத்தியில், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க குவெஸ்தூரா வாசலில் நின்ற கதையை எழுதியிருந்தேன். வதிவிட அனுமதிக்காகப் பொலிஸ் கந்தோரில் காவல் கிடந்த கதை. அதை வாசித்த அன்பர் ஒருவர், "பலெர்மோவில் யார் வீட்டில் வேலை செய்தீர்கள் என்று சொல்லாமல் இந்த வரிசையையே எத்தனை வாரம் எழுதுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் நியாயம்.

நான் வேலை செய்தது ஒரு அமெரிக்க நடிகரின் வீட்டில். ஹென்றி என்பது நான் அவருக்கு வைக்கும் பெயர். மகளுக்கு ரூத் என்று வைக்கிறேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் இருக்கிறாள். உண்மைப் பெயரைச் சொன்னால் உங்களில் சிலர் தேடிப் பார்ப்பீர்கள். தேட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே அவரை எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் பேச வைக்கிறேன். ஆங்கிலத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு 'யூ'. அதை 'நீர்' என்று போடுகிறேன். 'நீ' என்று அவர் என்னை ஒருநாளும் நினைத்ததில்லை, 'நீங்கள்' என்று நினைக்கும் ஆளுமில்லை.

ஊரில் போர்நிறுத்தம் என்று சொல்லி யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. நாங்கள் இத்தாலியில், பலெர்மோ நகரின் ஒரேத்தோவில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பிரான்காச்சோவில் ஒரு தச்சுப் பட்டறைக்கு பஸ் ஏறிப் போவார். நான் இரண்டு வீடுகளில் துடைத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். பொலிதேயாமாப் பக்கம் ஒரு அமெரிக்கக் கிழவருக்கு இங்கிலிஸ் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று கோயிலடியில் ஒரு பெண் சொன்னாள். எனக்குக் கொன்வென்ற் இங்கிலிஸ். எங்கள் சனத்தில் மற்றவர்களுக்கு இத்தாலியன் தண்ணிபட்ட பாடு, இங்கிலிஸ் என்றால் ஓடிவிடுவார்கள். அப்படிக் கிடைத்த வேலை.

"என்ன படத்திலை நடிச்சவர்? சண்டை பிடிப்பாரோ?" என்று எங்கள் பெண்கள் கேட்டார்கள்.

"இல்லை, டொக்டரா வந்து ஆள் செத்துப்போச்சு எண்டு சொல்லுவார்" என்றேன். அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது.

கெட்ட செய்தி சொல்லும் முகம்

நான் சொன்னது பகிடி இல்லை. அமெரிக்காவில் பெரிய ஏரிக்கரையில் உள்ள ஒரு குளிர் ஊரில், இறைச்சிக்கடைக்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். தாய்வழி ஆட்கள் பலெர்மோவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். வயதான காலத்தில் இந்த ஊருக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்வார். வெயில்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இளம் வயதில் ஒரு நாடகக் குழுவோடு கிளம்பினார். மேடைக்குத் தளபாடம் தூக்கினார், திரை இழுத்தார், ஒருநாள் யாருக்கோ காய்ச்சல் வந்து மேடை ஏறினார். பிறகு நியூயோர்க். அங்கே அவர் பெரிய ஆள் என்று ரூத் எனக்குச் சொன்னாள், அவர் சொல்லவில்லை. ஒரே நாடகத்தை ஒரு வருடத்துக்கு மேல் தினமும் நடித்திருக்கிறார். எங்களுக்கென்றால் ஒரே கறியை இரண்டாம் நாள் வைத்தாலே வீட்டில் முகம் நீளும்.

சினிமா பிற்பாடு வந்தது. நீண்ட முகம், தொங்கிய கன்னம், கண்ணுக்குக் கீழே பை. அந்த முகத்துக்கு நீதவான், பாதிரியார், டொக்டர் வேடங்கள் கொடுத்தார்கள். ஆசுபத்திரி நடைபாதையில் நின்று, "எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம்" என்று சொல்வதே அவருடைய தொழிலாகிவிட்டது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் பல வருடம் அதைச் சொன்னார். அந்தத் தொடர் இத்தாலியிலும் மத்தியான வேளைகளில் ஓடியது. அதனால் எங்கள் தெருவில் மீன் விற்றவரும் தலைமயிர் வெட்டியவரும் அவரை "தொத்தோரே", அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மனுசி அவரிடம் முழங்கால் வருத்தத்துக்கு மருந்தே கேட்டாள்.

ஆனால் அவர் வாயைத் திறந்ததும் அவர்கள் முகம் மாறிவிடும்.

மற்றவன் குரல்

இத்தாலியில் வெளிநாட்டுப் படம் எதுவும் அதன் சொந்தக் குரலில் வராது. எல்லாவற்றுக்கும் இத்தாலியக்காரர் ஒருவர் குரல் கொடுப்பார். ஒரு நடிகருக்கு ஒருவர் என்று அநேகமாக நிரந்தரமாக இருப்பார். ஹென்றிக்கும் ரோமில் ஒருவர் இருந்தார். கனமான, தேன் தடவிய குரல். அந்தக் குரலோடுதான் இந்த ஊர் ஹென்றியை அறிந்திருந்தது.

ஹென்றியின் சொந்தக் குரல் அப்படியில்லை. வறண்ட குரல். தேங்காய் துருவும்போது ஓட்டில் பல்லுப் படுவது போல ஒரு சத்தம் அதில் இருக்கும். ஆனால் அடுப்படியில் நான் தண்ணீரைத் திறந்து வைத்துப் பாத்திரம் கழுவும்போது, அவர் முன்னறையிலிருந்து சத்தம் போடாமல் சாதாரணமாகச் சொல்வது எனக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கும். எப்படி என்று கேட்டேன்.

"கடைசி வரிசையிலை இருக்கிறவனுக்கு என்ரை முகம் ஒரு பொட்டு மாதிரித்தான் தெரியும், மாலா. அவனுக்கு நான் குடுக்கிறது குரல் மட்டும்தான்" என்றார்.

மீன்காரர் ஒருநாள் அவர் முன்னாலேயே என்னிடம் சொன்னார், தொத்தோரேக்கு என்ன நடந்தது, தொலைக்காட்சியில் எவ்வளவு நல்ல குரல், இது அவருடையது இல்லையே என்று. ஹென்றிக்கு இத்தாலியன் ஓரளவு விளங்கும். மீனை வாங்காமல் திரும்பி நடந்தார். அன்றைக்கு எங்களுக்கு முட்டைதான்.

அவருடைய ஒரு படத்தை இத்தாலியக் குரலோடு நான் அவருக்குப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடுமையான ஒரு பண்ணைக்காரத் தகப்பனாக வருகிறார். மகன் யுத்தத்துக்குப் போகிறான். தகப்பன் திரும்பிப் பாராமல், "கதவைச் சாத்திப்போட்டுப் போ" என்கிறார். இத்தாலியனில் அந்தக் குரல் தழுதழுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹென்றி தொலைக்காட்சியை நிற்பாட்டினார்.

"அந்த வசனத்துக்குள்ளையிருந்து கண்ணீரை வெளியிலை எடுக்க எனக்கு ஒரு மாதம் பிடிச்சது. இந்த மனுசன் ஒரு பின்னேரத்திலை அதைத் திருப்பி உள்ளுக்கை விட்டிட்டான்" என்றார். அவ்வளவு கோபமாக அவரை நான் பிறகு பார்க்கவில்லை.

ரூத்தின் ஞாயிறுகள்

மகள் ஒருத்திதான். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் பின்னேரத்தில், அவளுடைய காலை நேரத்தில் கூப்பிடுவாள். மழையா, வெயிலா, பிறஷர் எப்படி, சரி, அடுத்த கிழமை. இரண்டு பேரும் கணக்கு ஒப்புவிப்பது போலக் கதைத்து முடிப்பார்கள். பலெர்மோவுக்கு அவள் ஒருமுறையும் வந்ததில்லை. அவர் வரச் சொன்னதுமில்லை. விருந்தினருக்கென்று இருந்த பின்னறைக் கட்டிலில் பழைய உடுப்புப் பெட்டிகள் குவிந்து கிடந்தன.

ஏன் அப்படி என்பதை ஒருநாள் உலாவப் போன இடத்தில், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அவருடைய மனைவி இறந்தபோது அவர் நாடகத்தில் இருந்தார். காலையில் அடக்கம் செய்தார். அன்று மாலையே மேடை ஏறினார். அன்றைய நடிப்பைப் பற்றிப் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. ரூத் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு அவள் அவருடைய ஒரு நாடகத்துக்கும் போகவில்லை.

"நீங்கள் ஏன் போனனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இராது.

"நாடகத்துக்கு ரிக்கற் வித்திட்டினம்" என்றார். நான் நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பேச்சை மாற்றினார்.

லிஃப்ட்

தொண்டையில் வருத்தம் தொடங்கியபோது, சளி, தடிமன் என்று சொல்லிக் குளிசை போட்டுக்கொண்டு திரிந்தார். ஆசுபத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைக்கலாம், எடுக்காவிட்டால் நாள் கனக்க இல்லை என்று டொக்டர் சொன்னார். பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்ததும் ஹென்றி, "பேப்பரைப் பாத்துக்கொண்டு சொல்லக்கூடாது. ஆளின்ரை முகத்தைப் பாக்க வேணும். நான் அப்பிடி ஒருநாளும் செய்யேல்லை" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சத்திரசிகிச்சை வேண்டாம் என்றுதான் முதலில் நின்றார். குரல் இல்லாமல் இருந்து என்ன செய்வது, மீன் வாங்கவா என்றார். நான் இந்த ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். நான் சைவக்காரி, ஆனாலும் அந்த மலைக்கு எங்கள் சனம் எல்லோரும் ஏறுவோம், அவவும் எங்களைக் கைவிடுவதில்லை. ரூத் தொலைபேசியில் அழவில்லை, கெஞ்சவில்லை. "நான் ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்கை யாரும் தூக்காட்டி எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது" என்று மட்டும் சொன்னாளாம். அதை அவர் என்னிடம் இரண்டு தரம் சொன்னார். அடுத்த நாள் கையெழுத்து வைத்தார்.

ஆசுபத்திரிக்குப் போகும் முன் ஒரு கிழமை முழுவதும் வீட்டில் நாடகம். பழைய வசனங்கள், எல்லாப் பாத்திரமும் அவரே. மேல்வீட்டுச் சிஞ்ஞோரா சண்டைக்கு வருவாள் என்று பயந்தேன். அவள் வந்து படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

போகிற அன்று காலை, கடைசியாக என்ன சொல்லப் போகிறார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். பெரிய நடிகர், ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "லிஃப்ட் வேலை செய்யுதோ?" என்று கேட்டார். ராக்சியில் ஒன்றும் பேசவில்லை. ஆசுபத்திரியில் தாதிமார் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய குரலில் நான் கேட்டது அதுதான் கடைசி.

நான் சேர்த்த கேள்வி

இனி அந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

ஆசுபத்திரியில் கழுத்தில் அழுத்திப் பேசும் ஒரு மெசின் கொடுத்திருந்தார்கள். ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பேசுவது போல வந்தது. அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "இன்னொரு டப்பிங்" என்று எழுதிக் காட்டினார். எழுதுவதற்கு என் மகள் சின்னதில் வைத்திருந்த பிளாஸ்டிக் பலகையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். மேல்தாளை உயர்த்தினால் எழுத்து அழிந்துவிடும்.

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் எழுதினார்: நலம். கவலை வேண்டாம்.

"ரூத், நான் மாலா. அப்பா நல்லா இருக்கிறாராம். உங்களைக் கவலைப்பட வேண்டாமாம்" என்றேன். பிறகு என் வாய் தானாகவே போனது. "காலமைச் சாப்பாடு சாப்பிட்டாச்சோ எண்டு அப்பா கேக்கச் சொன்னார்."

"அப்பா கேட்டவரோ?" என்றாள் ரூத்.

"ஓம்."

"இன்னும் இல்லை. இனித்தான். சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ."

ரிசீவரை வைத்தேன். ஹென்றி பலகையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பெரிய எழுத்தில், அடியில் கோடும் போட்டிருந்தது: நான் அப்படிச் சொல்லவில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொல்லவில்லைத்தான். அதற்கு என்ன?

எங்கள் வீடுகளில் அப்பாமார் வளர்ந்த பிள்ளைகளோடு நேரே கதைப்பதில்லை. குறைந்தது என் அப்பா கதைத்ததில்லை. அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார், அம்மா எங்களிடம் வந்து, "நீ மெலிஞ்சு போனாய் எண்டு அப்பா கவலைப்படுறார்", "மழைக்கை போகாதையாம், அப்பா சொல்லுறார்" என்பா. அப்பா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய பாசம் எல்லாம் அம்மாவின் வாயால்தான் எங்களுக்கு வந்தது. நான் இத்தாலிக்கு வந்த பிறகும் அப்படித்தான். தொலைபேசி அட்டையைச் சுரண்டி, ஊருக்கு எடுத்து, கத்திக் கத்திக் கதைக்கும்போது அம்மா சொல்வா, "அப்பா பக்கத்திலை நிக்கிறார், குளிருக்குக் கவனமாம்."

இதை ஹென்றிக்குச் சொன்னேன். அவர் எழுதினார்: அம்மா சொன்னதை நம்பினீரா?

"அம்மா சேர்த்துச் சொல்லுறா எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும், சேர். அப்பாவுக்கும் தெரியும். அவர் அங்கையே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை. எங்களுக்கு அதுவே போதும்."

அவர் பலகையை மடியில் கவிழ்த்து வைத்தார். நான் போஞ்சிக்காய் வெட்டப் போனேன்.

வெயிலில் மேலங்கி

அடுத்த ஞாயிறிலிருந்து தொலைபேசியின் ஸ்பீக்கரை அழுத்திவிடுவேன். ரூத் சொல்வது அவருக்கும் கேட்கும். அவர் எழுதுவது குறைந்துகொண்டே போனது. நலம் என்று எழுதுவார், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். ரூத்துக்கு இருமல் என்றால், "கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கட்டாம், அப்பா சொல்லுறார்" என்பேன். ஹென்றிக்குக் கொத்தமல்லி என்றால் என்னவென்றே தெரியாது.

ஒருநாள் வழக்கம்போல, "குளிருக்கை மேலங்கி போடாமல் திரியாதையுங்கோ எண்டு அப்பா சொல்லச் சொன்னார்" என்று சொல்லிவிட்டேன்.

"மாலா" என்றாள் ரூத். "இஞ்சை இப்ப நெருப்பு வெயில். அது அப்பாவுக்குத் தெரியும்."

எனக்கு முகம் சுட்டது.

"அப்பா அறைக்குள்ளையோ நிக்கிறார்?"

"ஓம். முன்னுக்குத்தான் இருக்கிறார்."

"தலையை ஆட்டுறாரோ? இல்லையெண்டு?"

நான் ஹென்றியைப் பார்த்தேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியையே பார்த்தபடி இருந்தார். தலை அசையவில்லை.

"இல்லை, ஆட்டேல்லை" என்றேன்.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

அன்றைக்கு நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடச் சொன்னேன். ரூத் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரிப்பு கேட்டது அதுதான் முதல் தடவை. ஹென்றி கழுத்துத் துணியைச் சரிசெய்து கொண்டார்.

அவள் கேட்டது

அதற்குப் பிறகு இரண்டு, மூன்று ஞாயிறு போயிருக்கும். வெக்கை. யன்னல் பலகைகளை இறக்கி அறையை இருட்டாக்கி வைத்திருந்தேன். ரூத்தின் குரல் அன்று வேறுமாதிரி இருந்தது.

"மாலா, இண்டைக்கு நீங்கள் ஒண்டும் சேர்க்க வேண்டாம்" என்றாள். "அப்பாவிட்டை ஒண்டு கேக்க வேணும். அம்மாவைத் தாட்ட அண்டைக்கு ஏன் மேடை ஏறினவர் எண்டு கேளுங்கோ."

கேட்கத் தேவையில்லை. ஸ்பீக்கரில் அவருக்கே கேட்டது. ரூத் இதற்காகத்தான் இத்தனை வருடம் மழையையும் வெயிலையும் விசாரித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. இதற்கு ஒரு பதில் வராவிட்டால் அவள் இனி எடுக்க மாட்டாள் என்பதும் விளங்கியது. இந்த இடத்தில் சேர்த்துச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவாலும் இப்படி ஒன்றைச் சேர்த்திருக்க முடியாது.

ஹென்றி எழுதத் தொடங்கினார். பலகை நிரம்பும் வரை எழுதினார். நீட்டினார்.

அழகான வசனம். முழுவதும் இப்போது ஞாபகமில்லை. வெளிச்சம், இருட்டு, துக்கம் எல்லாம் அதில் இருந்தன. நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பது போலத்தான் எனக்கு அது வரும் என்று தெரிந்தது.

"இது எனக்கு வாயிலை வராது, சேர்" என்றேன்.

"என்ன எழுதியிருக்கிறார்?" என்றாள் ரூத்.

"ஒரு பெரிய வசனம்."

"எனக்கு அது வேண்டாம்."

அவர் என்னை முறைத்தார். ரிசீவரை வாங்கி அடித்து வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு பலகையின் தாளை உயர்த்தினார். எல்லாம் அழிந்தது. வெறும் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ரூத்தின் வீட்டில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

இம்முறை ஒரு வரிதான் எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது.

நான் அதை வாசித்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு சொல்லும் போடவில்லை.

"வீட்டை போகப் பயமாயிருந்தது."

ரூத் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது.

"நான் அந்த வீட்டிலைதானே இருந்தனான்" என்றாள். "நான் தனிய அங்கை இருந்தனான், டடி."

என்னை மறந்துவிட்டாள். அவரோடு நேரே பேசினாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், உதடுகள் அசைந்தன, ஒன்றும் வரவில்லை. மனிதர் ஒருவர் அப்படித் தவிப்பதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் எழும்பி என் கையிலிருந்த ரிசீவரை எடுத்தார். ஸ்பீக்கரை நிற்பாட்டினார். கழுத்துத் துணியை அவிழ்த்தார். டொக்டர் முன்னிலையில் தவிர யாருக்கும் அவர் காட்டாத அந்தத் துவாரத்தில், மூச்சு போய் வருகிற இடத்தில், ரிசீவரை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. அழுகிறவரின் மூச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சோறு அவிந்து முடிந்த பிறகு, அவர் மேசையில் தட்டுவது கேட்டது. போனேன். துணியைத் திரும்பக் கட்டியிருந்தார். ரிசீவரை என்னிடம் தந்தார்.

"மாலா, நிக்கிறியளோ?" என்றாள் ரூத். குரல் அடைத்திருந்தது. "அவருக்குச் சொல்லுங்கோ, நான் இந்த மாதக் கடைசியிலை வாறன் எண்டு."

வைத்துவிட்டாள். ஸ்பீக்கர் நிற்பாட்டியபடியே இருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை.

"ரூத் வாறாவாம், சேர். மாதக் கடைசியிலை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பலகையை இழுத்து எழுதினார்: அவள் சொன்னதா, நீர் சேர்த்ததா?

"அவ சொன்னது" என்றேன். "ஒரு சொல்லும் நான் சேர்க்கேல்லை."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு எழும்பிப் பின்னறைக்குப் போனார். கட்டிலில் குவிந்திருந்த உடுப்புப் பெட்டிகளில் மேலே இருந்ததைப் பிடித்து இழுத்தார். பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சொன்னாலும் கேட்கமாட்டார் என்று தெரிந்ததால், நான் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.